பூம்புகாரில் எழுதிய மனநூல்

மனத்தைக் கவனிக்கும் பௌத்தப் பயிற்சி ஐடி ஊழியர்களுக்கானது என்கிற மாதிரி உங்கள் கட்டுரையில் எழுதிவிட்டீர்களே! மனத்தைப் பகுத்துச் சொல்லும் ‘அபிதம்மாவதார’த்தைப் பௌத்தத் துறவி புத்ததத்தர் பாலி மொழியில் எழுதியதே எங்கள் காவிரிப்பூம்பட்டினத்தில்தான்.

விவசாயியான எனக்கும் அந்தப் பயிற்சி உதவியிருக்கிறது. போன குறுவையில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டதென்று கொள்முதல் நிலையத்தில் என் நெல்லை எடை போடவில்லை. நாலு நாள் மழை. தார்ப்பாயைத் தூக்கினால் புளித்த வாடை, நெல்லெல்லாம் வெள்ளை வெள்ளையாய் முளை. தானாக வந்து தைக்கும் துன்பம் ஒரு அம்பு, அதை நினைத்து நாமே நம்மை வருத்திக்கொள்வது இரண்டாவது அம்பு என்றார் புத்தர். நெல் முளைத்தது முதலாவது. ‘இன்னும் ஒரு நாள் களத்திலேயே காயவைத்திருக்கலாமே’ என்று ராத்திரியெல்லாம் புரண்டேன் பாருங்கள், அது இரண்டாவது. அதை எய்தவன் நானேதான்! மூச்சைக் கவனித்துப் படுத்ததில் அது கொஞ்சம் அடங்கியது. அதற்காகச் சும்மா இருந்துவிடவில்லை, மறுநாளே மனுவும் கொடுத்தேன். இன்னும் பதில்தான் வரவில்லை.