திண்ணையை இடித்தவர்களுக்கா வாழ்த்து?

இரண்டு நாட்களாக முகநூலைத் திறந்தால் புதுச்சேரியில் ஒரு பழைய வீட்டைத் துணிக்கடையாக்கித் திறந்த விழாப் படங்கள்தாம். எந்த வீதி, எந்தக் கடை என்பது புதுச்சேரி நண்பர்களுக்குத் தெரியும். பெயர் சொல்லி இலவச விளம்பரம் செய்ய மாட்டேன். "பழைய வீட்டைக் காப்பாற்றிவிட்டார்கள்" என்று ஆளாளுக்கு வாழ்த்து. எதைக் காப்பாற்றினார்கள்? வாசல் கதவையும் மாடி முகப்பையும். திண்ணை இருந்த இடத்தில் கண்ணாடி. தாழ்வாரத்து மரத்தூண்களில் சட்டைகள் தொங்குகின்றன. முற்றத்தின் மேல் பாலிகார்பனேட் தகடு.

வீட்டைக் கடையாக்கியது தவறு என்று நான் சொல்லவில்லை. மறுபடியும் சொல்கிறேன், கடையாக்கியது தவறில்லை. ஆக்கிய விதம்தான் தவறு. கீழே தமிழ் வீடு, மாடியில் பிரெஞ்சு வளைவுச் சன்னல் என்று கட்டியவர்கள் முற்றத்தை அழகுக்காக வைக்கவில்லை. சூடான காற்று மேலேறி வெளியேறும் வழி அது. அதை மூடினால் ஏசி போட்டே தீர வேண்டும். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, செங்கல் உப்புப் பூத்து உதிரும். 2014 நவம்பர் மழையில் பிரெஞ்சுக்காலத்து நகராட்சி மன்றமான மேரி கட்டடம் சரிந்ததைப் பார்த்த ஊருக்கு இதையும் சொல்லித்தர வேண்டுமா?

என் அத்தை அப்படியொரு வீட்டில்தான் வாடகைக்கு இருந்தார். சித்திரை வெயிலிலும் முற்றத்தை ஒட்டிப் பாய் விரித்தால் தூக்கம் வந்துவிடும். பூக்காரம்மா திண்ணையில் கேட்காமல் உட்காருவார். கேட்டுவிட்டு உட்கார்ந்தால்தான் அத்தைக்குக் கோபம் வரும்.

"மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட, ஒழுகும் மெட்ராஸ் தளத்தின் கீழ் நீயா குடியிருக்கிறாய்?" என்பீர்கள். ஒழுகும்தான். செலவும் ஆகும், பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போடவும் வேண்டும். அதற்காக? இன்னொரு நண்பர் அயர்லாந்தின் டப்ளினிலிருந்து படம் அனுப்புகிறார்: 1770களில் கட்டிய பவர்ஸ்கோர்ட் மாளிகையை 1981இல் முற்றத்துக்குக் கூரை போட்டுக் கடைகளாக்கினார்களாம். குளிரில் நடுங்கும் ஊரில் முற்றத்தை மூடுவதும் இங்கே மூடுவதும் ஒன்றா ஐயா? அங்கே பழைய மரப் படிக்கட்டும் சுதை வேலைப்பாடும் அப்படியே இருக்கின்றனவே, அது உங்கள் கண்ணில் படவில்லையா?

அவ்வளவு தூரம் எதற்கு? இதே ஊர் வைசியாள் வீதியில் பழைய வீடுகளைத் திண்ணையும் தாழ்வாரமுமாகச் சீரமைத்து 2008இல் யுனெஸ்கோ விருதே வாங்கினார்கள். திண்ணையை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்ய முடியாது என்று எந்த வாடிக்கையாளர் வந்து சொன்னார்?

நேற்று ஒரு தம்பி, "உங்களுக்கு வயதாகிவிட்டது, அதனால் புலம்புகிறீர்கள்" என்று எழுதியிருக்கிறார். ஆமாம் தம்பி, வயதாகிவிட்டது. வெயிலில் நடந்தால் உட்கார இடம் தேடுகிற வயது. அந்தத் துணிக்கடைக்குள்ளும் போய்ப் பார்த்துவிட்டேன். இருக்கிற ஒரே நாற்காலி படம் எடுத்துக்கொள்வதற்காம், உட்காரக் கூடாதாம்.