கப்பல் எப்போதும் அறுவடைக்குத்தான் வந்து சேர்கிறது

டார் எஸ் சலாமின் டண்டாலே சந்தையில், அரிசிக் கடைகள் நெருக்கியடித்து நிற்கும் சந்துக்குள் நுழைந்தால் ஒவ்வொரு குவியலின் உச்சியிலும் ஓர் அட்டைத் துண்டு செருகியிருப்பதைக் காணலாம். அதில் அரிசி விளைந்த ஊரின் பெயரும் கிலோவின் விலையும் இருக்கும். கியேலா என்று எழுதியிருந்தால் மணம் உண்டு, விலையும் கூடுதல். விலை மாறும் நாளில் கடைக்காரர் புது அட்டை தேடுவதில்லை. பழைய எண்ணை அடித்துவிட்டுப் பக்கத்திலேயே புதிய எண்ணை எழுதிவிடுகிறார். இந்த நகரத்தில் கணக்கெழுதிப் பிழைக்கும் நான் சில ஆண்டுகளாக அந்த அடித்தல்களைப் படித்து வருகிறேன். தான்சானியாவின் அரிசி விலைச் சிக்கலுக்கு விளைச்சல் குறைவைக் காரணம் சொல்வது எளிது. துறைமுகத்தையும் எல்லையையும் அரசு எந்த மாதத்தில் திறக்கிறது, எந்த மாதத்தில் மூடுகிறது என்பதே அதைவிடப் பெரிய காரணம் என்பது என் கருத்து.

கிழக்கு ஆப்பிரிக்க நிலப்பரப்பில் அதிகமாக நெல் விளைவிக்கும் நாடு இதுதான். ம்பேயா பக்கத்து உசாங்கு சமவெளி, மொரோகோரோவின் கிலோம்பேரோ பள்ளத்தாக்கு, விக்டோரியா ஏரிக்குத் தெற்கே வரப்பு கட்டி மழைநீரைத் தேக்கும் ஷின்யாங்கா வயல்கள் என்று பரந்து கிடக்கிறது சாகுபடி. பெரும்பகுதி சிறு விவசாயிகளுடையது. பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. மே மாதம் தொடங்கி அறுவடை வரும்போது விலை இறங்கும், அடுத்த ஜனவரி முதல் மார்ச் வரை உச்சத்தில் நிற்கும். 2023 தொடக்கத்தில், முந்தைய ஆண்டின் வறட்சிக்குப் பிறகு, அந்த உச்சம் கிலோவுக்கு 3,000 ஷில்லிங்கை எட்டியது.

நெல், அரிசி, சோறு என்று நாம் பிரித்துச் சொல்வதைப் போலவே சுவாகிலியிலும் ம்புங்கா, ம்செலே, வாலி என்று மூன்று சொற்கள் உண்டு. விவசாயி விற்பது ம்புங்கா. நகரம் வாங்குவது ம்செலே. நூறு கிலோ நெல்லை அரைத்தால் அறுபது, அறுபத்தைந்து கிலோ அரிசி கிடைக்கும். அந்த அரவைக்கும் ஆறு மாதக் காத்திருப்புக்கும் உரிய லாபம் பெரும்பாலும் விவசாயிக்குப் போவதில்லை. பள்ளிக் கட்டணமும் உழவுக் கடனும் கழுத்தை நெரிக்கும்போது அவர் களத்திலேயே விற்கிறார். அதுவும் 'லும்பேசா' மூட்டையில். சாக்கின் வாய் நிறைந்த பிறகும் மேலே கூம்பாகக் குவித்து, கயிற்றால் வலைபோலத் தைத்து, அதை ஒரே மூட்டை என்று கணக்கு வைப்பதற்குத்தான் அந்தப் பெயர். அரசு இதைத் தடை செய்து பல ஆண்டுகள் ஆகியும் கூம்பு மட்டும் குறையவில்லை.

இப்போது தீர்வைக்கு, அதாவது இறக்குமதி வரிக்கு வருகிறேன். தான்சானியா, கென்யா உள்ளிட்ட நாடுகளின் கூட்டமைப்பான கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தின் பொதுத் தீர்வைப்படி வெளியிலிருந்து வரும் அரிசிக்கு 75 விழுக்காடு, அல்லது டன்னுக்கு 345 டாலர், இவற்றில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். அதாவது டன் 400 டாலருக்கு வந்திறங்கும் அரிசி, துறைமுக வாசலைத் தாண்டும்போது 745 டாலர் ஆகிவிடுகிறது. ஆனால் கென்யா தனக்கென விலக்கு வாங்கி 35 விழுக்காடு அல்லது 200 டாலர் என்றே வசூலிக்கிறது. கென்யத் தேயிலையை அதிகமாக வாங்கும் பாகிஸ்தானின் அரிசி மொம்பாசாவில் இறங்குவதற்கும் இந்தச் சலுகைக்கும் தொடர்பு உண்டு. ஆகவே, நமங்கா எல்லையைத் தாண்டி நைரோபிக்குப் போகும் தான்சானிய அரிசிக்கு எதிரே நிற்பது 745 டாலர் அரிசியன்று, 600 டாலர் அரிசி. தான்சானியாவின் ஒரு பகுதியான சான்சிபார் தீவோ பல ஆண்டுகள் 12.5 விழுக்காடு மட்டுமே வசூலித்தது. அங்கே இறங்கிய அரிசியில் ஒரு பகுதி இரவில் பாய்மரப் படகேறிப் பெருநிலத்துக்கு வந்ததில் வியப்பென்ன? ஒரே சந்தை என்று பெயர், மூன்று வாசல்கள், மூன்று விலைகள்.

வேலி உயரமாக இருப்பது விவசாயிக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். வேலி அப்படியே நின்றால் நல்லது. ஜனவரியில் விலை ஏறுகிறது, நகரம் முணுமுணுக்கிறது, பிப்ரவரியில் அமைச்சர்கள் கூடுகிறார்கள், தீர்வையில்லா இறக்குமதிக்கு அனுமதி பிறக்கிறது. அதன்பிறகு வணிகர் வங்கியில் கடன் உறுதிக் கடிதம் திறந்து, கராச்சியிலோ காக்கிநாடாவிலோ சரக்கு ஏற்றி, கடல் கடந்து, நங்கூரமிட்டுக் காத்திருந்து இறக்குவதற்குள் மே மாதம் வந்துவிடுகிறது. பஞ்சத்துக்கென்று அழைத்த கப்பல் அறுவடையின் தலையில் வந்து இறங்குகிறது. 2013-இல் நடந்தது இதுதான்: தீர்வையில்லாமல் அரிசி வந்தது, விலை சரிந்தது, முந்தைய ஆண்டின் நல்ல விலையை நம்பிக் கூடுதலாக நட்டவர்கள் நட்டப்பட்டார்கள்.

2023-இல் கதை வேறு திசையில் ஓடியது. மே மாதம், ஏற்றுமதி உரிமம் தொடர்பான விதிகளைத் தான்சானியா இறுக்க, தானிய லாரிகள் எல்லையில் தேங்கின. அதே ஆண்டு ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை இந்தியா தடை செய்தது. உலகச் சந்தையில் விலை ஏறிய, தான்சானிய அரிசிக்கு அண்டை நாடுகளில் மவுசு கூடிய அந்த ஆண்டில்தான், வெளியே விற்கும் வழியில் ஒரு புதிய சுங்கக் கட்டை விழுந்தது. (புழுங்கல் அரிசி அந்தத் தடையில் சிக்கவில்லை, ஆனால் ஆகஸ்டில் அதற்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி வந்தது. இங்குள்ள தமிழ் வீடுகளில் இட்லி எண்ணிக்கை குறைந்ததற்கு நானே சாட்சி.) 2024-இல் இந்தியா தனிச் சலுகையாகத் தான்சானியாவுக்கு 30,000 டன் வெள்ளை அரிசி தர ஒப்புக்கொண்டது. அரிசி ஏற்றுமதி செய்யும் நாடு இன்னொரு நாட்டிடம் அரிசிக்கு விண்ணப்பித்து நின்றது என்பதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. எத்தனை மூட்டை கையிருப்பில் உள்ளது என்பது நிச்சயமாகத் தெரியாத அரசு வேறென்ன செய்யும்? இந்தியா தடையை நீக்கியது 2024 செப்டம்பர் 28 அன்று.

என் வாதத்துக்கு எதிரானதையும் சொல்ல வேண்டும். சாலையோரத்தில் அடுப்பு மூட்டிக் கூலியாட்களுக்கு வாலியும் பீன்ஸும் போடும் 'மாமா லிஷே' பெண்களுக்கு ஜனவரி விலை என்பது கண்கூடான நட்டம். தட்டின் விலையை ஏற்றினால் ஆள் வரமாட்டார், ஏற்றாவிட்டால் அளவு குறையும். எங்கள் அலுவலக வாசலில் சோறு போடும் அம்மாள் விலை ஏறிய வாரத்தில் அகப்பையை மாற்றிவிட்டார்; யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆகவே இறக்குமதியே கூடாது என்று நான் சொல்லவில்லை. விளைச்சல் மதிப்பீடு கைக்கு வந்தவுடன், அக்டோபருக்குள் அளவை அறிவிக்கட்டும். பிப்ரவரி இறுதிக்குள் இறங்கும் சரக்குக்கு மட்டும் விலக்கு, மார்ச் முதல் நாளிலிருந்து முழுத் தீர்வை என்று எழுதட்டும். ஏற்றுமதி விதியை நடுப்பருவத்தில் மாற்றாமல் இருக்கட்டும். கிடங்கில் நெல்லை வைத்து, அதற்கான ரசீதின் பேரில் கடன் வாங்கும் முறை முந்திரிக்கு இங்கே பழகிப்போன ஒன்று. அது நெல்லுக்கும் வேரூன்றினால் களத்து விற்பனை குறையும்.

எல்லைக்கு அப்பாலும் இதே கணக்குதான் பிசகுகிறது. 2025 ஜூலை இறுதியில் கென்யா 5,00,000 டன் அரிசியைத் தீர்வையின்றி இறக்க அறிவிப்பு வெளியிட்டது. முவேயா பாசன விவசாயிகளின் நெல் விற்காமல் கிடக்கிறது என்று வழக்குத் தொடுக்கப்பட்டு, கெருகோயா உயர் நீதிமன்றம் முதலில் அதை நிறுத்தி வைத்தது, பிறகு 2,50,000 டன் வரை அனுமதித்தது. அளவைப் பற்றித்தான் எல்லோரும் சண்டையிட்டார்கள். அந்த அறிவிப்பு தந்திருந்த கடைசி நாள் டிசம்பர் 31. முவேயாவில் முதன்மைப் போகத்தின் அறுவடை நடப்பது நவம்பரிலும் டிசம்பரிலும்.