கேட்டால் வாய் வலிக்குமா?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை காசிமேட்டில் மீன் கூடையைவிடக் கேமராதான் அதிகம். ஏலம் மும்முரமாகப் போய்க்கொண்டிருக்கும். ஐஸ் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருவர் ஓட்டமாக வருவார். அவர் வழியை மறித்துக் குத்துக்காலிட்டு இன்னொருவர் ஆங்கிள் பார்ப்பார். அது பிழைப்பு நடக்கிற இடமா, ஸ்டூடியோவா?

24 மி.மீ. அகலக்கோண லென்ஸில் ஒரு முகம் ஃபிரேமை நிறைக்க வேண்டுமானால் அரை மீட்டருக்குள் போயாக வேண்டும். அரை மீட்டர்! மூச்சுக்காற்று படுகிற தூரம். மீன் வெட்டுகிற அம்மாவின் கையில் வஞ்சிரம், எதிரே நிமிர்ந்து நிற்கிற அரிவாள்மனை. அந்த இருட்டில் கண்ணுக்கு நேரே ஃபிளாஷ் அடித்தால் சில நொடி எதுவும் தெரியாது. விரல் போனால் யார் பொறுப்பு? முந்தானையால் முகத்தை மூடினால் அதற்கும் ஒரு கிளிக். வேண்டாம் என்பதை இதைவிட எப்படிச் சொல்வது?

கூவாகத்தில் இன்னும் கொடுமை. சித்திரைத் திருவிழாவில் தாலியறுத்து, வளையல் உடைத்து, திருநங்கைகள் ஒப்பாரி வைக்கும்போது சுற்றி வளைத்து நொடிக்குப் பத்துப் படம். வீட்டுக்குத் தெரியாமல் வந்தவர் அதில் இருந்தால்? படம் சொந்த ஊர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டால் பிறகு அழித்தென்ன, அழிக்காமலென்ன?

கேட்டால், "பொது இடம்தானே" என்று வாதம். இடம் பொது, சரி. முகமும் பொதுவா? தூரத்திலிருந்தே முகத்தை இழுத்துக் காட்டும் 200 மி.மீ. லென்ஸோடு எதிர்ப்பக்கம் ஒளிந்து நிற்கத் தெரிகிறதே, "அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்க மட்டும் ஏன் வாய் வரமாட்டேன் என்கிறது?