கல் இல்லாத வெள்ளி

அமெரிக்கப் பழங்குடியினரான நவாஹோ மக்களின் நகை என்றாலே டர்க்காய்ஸ் என்கிற நீலப்பச்சைக் கல்தான் என்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். நவாஹோ வெள்ளிக் கலைஞர் கென்னத் பெகே பற்றிய உங்கள் கட்டுரையில் அது கொஞ்சம் இடிக்கிறது. 1913இல் அரிசோனாவில் பிறந்த இந்த மனிதரின் பெருமையே, வெள்ளியை வெள்ளியாகப் பார்க்க வைத்ததுதான். கல்லை அடியோடு ஒதுக்கிவிட்டார் என்றில்லை. ஆனால் பல உருப்படிகளில் கல்லே கிடையாது. பளபளவென்று தேய்த்த அகலமான காப்பு, அதில் ஆழமாக இறங்கிய சில கோடுகள், ஓரத்தில் சின்னதாக அச்சுக் குத்து, அவ்வளவுதான். சிலவற்றில் கல் இருக்க வேண்டிய இடத்தில் கரும்பழுப்பாக ஒரு மரத்துண்டு உட்கார்ந்திருக்கும். அயர்ன்வுட் என்கிற பாலைவன மரம். தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும், அவ்வளவு கனம். வெள்ளிக்குப் பக்கத்தில் மரத்தை வைக்க எப்படித்தான் தோன்றியதோ!

அவருடைய குரு ஃப்ரெட் பெஷ்லகாய் பற்றி ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம். ஃபோர்ட் விங்கேட் பள்ளியில் அவரிடம்தான் பெகே தொழில் கற்றார். பெஷ்லகாய் என்றால் நவாஹோ மொழியில் வெள்ளை உலோகம், அதாவது வெள்ளி. (நம் சொல்லும் அந்த வெண்மையிலிருந்து வந்ததுதானே!) அப்புறம் பெகேயும் வாத்தியாரானார், 1968இல் நிறுவப்பட்ட நவாஹோ சமுதாயக் கல்லூரியில் வெள்ளி வேலை சொல்லிக்கொடுத்தார். 1977இல் காலமானார்.

மகன் ஹார்வி பெகே விமானம் ஓட்டிக்கொண்டிருந்தவர். கடைசியில் அவரும் பட்டறைக்கே வந்து சேர்ந்தார், தங்கத்திலும் செய்தார். அவரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதுங்கள்.