ஹோவர்ட் டீனை அந்தக் கூச்சலோடு நிறுத்தாதீர்கள்

நேற்றைய விவாதத்திலும் அந்தக் காணொளிதான் வந்து விழுந்தது. அமெரிக்கத் தேர்தல் உத்தியைப் பற்றிய பேச்சில், ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வில் போட்டியிட்டுத் தோற்ற ஹோவர்ட் டீனின் பெயரை நான் சொன்னதும், 2004 ஜனவரியில் அயோவா மாநிலத்தில் அவர் தொண்டை கிழியக் கத்திய சில நொடிகளை ஒருவர் எடுத்துப் போட்டார். கீழே சிரிப்புக் குறிகள் குவிந்தன. டீன் அமர்த்திய கட்சி அமைப்பாளர்களை வீட்டுக்கு அனுப்பியது யார் என்ற என் கேள்விக்கு எவரும் பதில் சொல்லாதது உண்மையாகவே வலித்தது.

அந்தக் கூச்சல் அவரைத் தோற்கடிக்கவில்லை. அந்த மாநில வாக்கெடுப்பில், கட்சிக்குள் தன்னோடு போட்டியிட்ட கெர்ரிக்கும் எட்வர்ட்ஸுக்கும் அடுத்து மூன்றாம் இடம்தான் என்று தெரிந்த பிறகே, சோர்ந்திருந்த தொண்டர்களைத் தேற்ற அவர் மேடையேறினார். அரங்கின் ஆரவாரத்தில் அவர் குரலே அமுங்கிப்போனது. கையிலிருந்த ஒலிவாங்கி சுற்றுச் சத்தத்தை வடிகட்டிவிட்டதால், தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு மட்டும் ஒருவர் காரணமின்றித் தனியே கத்துவதுபோலத் தெரிந்தது.

கல்லூரி நாள்களில், ஒலிபெருக்கி பழுதான ஒரு மேடையில், கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமென்று கத்திப் பேசி என் குரல் உடைந்தது. விடுதிக் கட்டண உயர்வைப் பற்றி நான் அடுக்கிய நியாயங்கள் யாருக்கும் நினைவில்லை. அந்த உடைந்த குரலை மட்டும் பழைய நண்பர்கள் இன்றும் நடித்துக் காட்டுகிறார்கள். டீனுக்காக நான் இவ்வளவு வாதாடுவதற்கு அதுவும் ஒரு காரணம்தான்.

மருத்துவரான டீன், வெர்மான்ட் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகவும் துணை ஆளுநராகவும் இருந்தவர். 1991இல் ஆளுநர் ஸ்னெல்லிங் திடீரென இறந்த செய்தி வந்தபோது நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அன்றே ஆளுநரானார். 2000இல் ஒருபாலினத்தவரின் இணைவுக்குச் சட்ட ஏற்பு தரும் மசோதாவில், கடும் எதிர்ப்புக்கு நடுவே கையெழுத்திட்டார். ஈராக் போரை வெளிப்படையாக எதிர்த்து, இணையவழிச் சிறு நன்கொடைகளைக் கொண்டே பெரும் பிரசாரத்தைக் கட்டியெழுப்பினார்.

"தோற்றவர் எப்படி உத்தியாளர் ஆவார்?" என்று கேட்கிறீர்கள். அவருடைய பெரும்பணி தோல்விக்குப் பிறகுதான் தொடங்கியது. 2005இல் ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழுத் தலைவரானதும், வெல்ல வாய்ப்பே இல்லை எனக் கைவிடப்பட்ட மாநிலங்கள் உட்பட ஐம்பதிலும் ஊதியம் பெறும் அமைப்பாளர்களை நிறுத்தினார். அந்தப் பணத்தை வெல்லக்கூடிய தொகுதிகளில் செலவிட வேண்டும் என்று, கட்சியின் பிரதிநிதிகள் அவைத் தேர்தல் பிரசாரக் குழுவுக்குத் தலைவராக இருந்த ராம் எமானுவேல் அவரோடு மோதினார். 2006இல் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கட்சியின் கைக்கு வந்தன. 2008இல் ஒபாமா, 1964க்குப் பிறகு அக்கட்சி வெல்லாதிருந்த இந்தியானாவையும் வர்ஜீனியாவையும் வென்றார்.

புஷ்ஷின் மீதிருந்த வெறுப்பும் ஒபாமாவின் ஈர்ப்பும்தான் காரணம் என்பீர்கள். அவற்றுக்கும் பங்குண்டு. ஆனால் வெறுப்பு தானாக வாக்குச்சாவடிக்கு நடந்து வராது. கதவைத் தட்ட ஊருக்குள் ஆள் வேண்டும். பிற்காலத்தில் அவர் பெருநிறுவனங்களுக்கு ஆலோசனை சொன்னார் என்பதும் குறைதான். எனக்கும் அது பிடிக்கவில்லை. அதற்காக ஐம்பது மாநிலங்களில் செய்த வேலை பொய்யாகிவிடாது.

அவருடைய கட்சியே அவருக்கு என்ன செய்தது? எமானுவேல் வெள்ளை மாளிகையின் தலைமை அலுவலரானார். சுகாதாரத் துறைச் செயலர் பதவிக்குப் பெயர் அடிபட்டும், மருத்துவரான டீனுக்கு அது கிடைக்கவில்லை. மாநிலங்களில் அவர் நிறுத்திய அமைப்பாளர்களின் வேலை 2008 தேர்தலோடு முடித்துவைக்கப்பட்டது. 2010இல் அக்கட்சி பிரதிநிதிகள் அவையில் 63 இடங்களை இழந்தது. பொருளாதாரச் சரிவும் அதற்குக் காரணம் என்பதை அறிவேன். ஆனால் ஊர் ஊராக அமர்த்திய ஆட்களை வென்ற மறுநாளே வீட்டுக்கு அனுப்பியது யார் என்ற கேள்வியைத்தான் நேற்றும் கேட்டேன்.