மார்ட்டின்ஸ் கடற்கரை வழக்கில் நிலம் பறிபோகவில்லை

‘அமெரிக்க உச்ச நீதிமன்றம் வினோத் கோஸ்லாவின் கடலோர நிலத்தைப் பிடுங்கி மக்களுக்குக் கொடுத்துவிட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். தவறு, நண்பரே. அமெரிக்கக் கோடீஸ்வர முதலீட்டாளரான கோஸ்லா, மாநில நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்துச் செய்த மேல்முறையீட்டை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கே ஏற்கவில்லை, அவ்வளவுதான்.

கலிபோர்னியாவின் மார்ட்டின்ஸ் கடற்கரைக்குப் போகும் சாலையில் முந்தைய உரிமையாளர்கள் வண்டி நிறுத்தக் காசு வாங்கிக்கொண்டு பல்லாண்டுகள் மக்களை உள்ளே விட்டார்கள். 2008-இல் அந்த நிலத்தைக் கோஸ்லா தரப்பு வாங்கியது. பிறகு கேட் பூட்டப்பட்டது, விளம்பரப் பலகையின் எழுத்தைப் பெயிண்ட் அடித்து மறைத்தார்கள், காவலாளிகளையும் நிறுத்தினார்கள். அப்படி வழியை அடைப்பதற்கும் 1976-ஆம் ஆண்டுக் கடலோரச் சட்டப்படி முன் அனுமதி வேண்டும் என்றுதான் மாநில நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பால் ஒரு சென்ட் நிலம்கூடக் கைமாறவில்லை. பதிவைத் தயவுசெய்து திருத்திவிடுங்கள். பலர் இதை அப்படியே நம்பிப் பகிர்வது வருத்தமாக இருக்கிறது.