ஜெர்மனியில் தனியாக இருப்பவர்களுக்கு: கதவு, குக்கர், காய்ச்சல்

வெளிநாட்டில் தனியாக இருப்பது என்றதும் எல்லாரும் ஏக்கம், அம்மா கைச் சோறு என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சமாச்சாரம். வேலைநாளில் ஆளைக் கவிழ்ப்பது வேறு. ஊரில் வீட்டில் இன்னொருவர் இருப்பார். குக்கரை அணைப்பார், ஜன்னலைச் சாத்துவார், கதவைத் திறப்பார். அது ஒரு வேலை என்றே நமக்குத் தோன்றியிருக்காது. ஜெர்மனிக்குத் தனியாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே அந்த ஆளுக்கு மாற்று ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்பது என் கட்சி. பால்கனிக்குத் தொட்டிச் செடி அப்புறம் வாங்கலாம்.

முதலில் கதவு. இங்கே பெரும்பாலான அடுக்குமாடி வீடுகளின் கதவுக்கு வெளிப்பக்கம் திருகும் கைப்பிடி கிடையாது, அசையாத குமிழ்தான். குப்பை போட இரண்டு நிமிடம் இறங்கும்போது காற்றில் கதவு சாத்திக்கொண்டால் நீங்கள் வெளியே, சாவியும் போனும் உள்ளே. பூட்டுத் திறக்க வருபவர் இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கேட்கும் தொகை வயிற்றைக் கலக்கும். கதவு வெறுமனே சாத்திக்கொண்டதா, சாவி போட்டுப் பூட்டியதா என்பதைப் போனிலேயே சொல்லுங்கள். சாத்திக்கொண்ட கதவை உடைக்காமலே திறந்துவிடலாம். துளை போட்டால்தான் ஆகும் என்று அடம்பிடிப்பவரை நம்பாதீர்கள். வண்டிச் செலவு உட்பட மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிட்டே வரச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் இடம் வைக்காமல், ஒரு மாற்றுச் சாவி ஆபீஸ் டிராயரில், இன்னொன்று அதே ஊரில் இருக்கும் நண்பரிடம். ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: உட்பக்கம் சாவியைச் செருகியே வைத்திருந்தால், சாதாரணப் பூட்டில் வெளியிலிருந்து மாற்றுச் சாவி வேலை செய்யாது. வீட்டுக்குள் வந்ததும் சாவியை உருவி ஆணியில் மாட்டுங்கள்.

அடுத்து சமையல். ஊரிலிருந்து தூக்கி வந்த அலுமினிய குக்கர் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடே ஆகாது. அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். வாடகை வீடுகளில் அதிகம் இருப்பது கண்ணாடி மேல்தளம் உள்ள சாதாரண மின் அடுப்பு. அதில் அலுமினியம் வேலை செய்யும், ஆனால் அணைத்த பிறகும் தட்டு சில நிமிடம் கொதித்துக்கொண்டேதான் இருக்கும். மூன்று விசில் வேண்டுமென்றால் இரண்டிலேயே அணைத்துவிடுங்கள். கேஸ் கணக்கு இங்கே செல்லாது.

மாவு புளிப்பதுதான் குளிர்காலத்தின் பெரிய தலைவலி. 19, 20 டிகிரி வீட்டில் இட்லி மாவு ஒரு ராத்திரியில் பொங்காது. ஓவன் விளக்கை எரியவிட்டு உள்ளே வை என்று எல்லாரும் சொல்வார்கள். அது பழைய குண்டு பல்புக்குச் சொன்ன யோசனை. புது ஓவன்கள் சிலவற்றில் இருப்பது எல்ஈடி. வெளிச்சம் வரும், சூடு வராது. ஓவனை 50 டிகிரியில் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைத்து, கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும்போது பாத்திரத்தை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துங்கள். பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு வேண்டாம். வெள்ளி ராத்திரி வைத்தால் சனிக்கிழமை கைக்கு வரும். சனிக்கிழமையே கடைக்கும் போய்விடுங்கள், ஞாயிறு சூப்பர் மார்க்கெட் பூட்டிக் கிடக்கும்.

இனி ஜன்னல். பூஞ்சை என்பது இங்கே பணப் பிரச்சினை. வீடு காலி செய்யும்போது முன்பணத்தில் கை வைப்பார்கள். அது மூன்று மாத வாடகை வரை இருக்கும். ரசம் கொதிக்கிற ஆவி, அறைக்குள் காயும் துணி எல்லாம் ஈரமாகச் சுவரில்தான் போய் உட்காரும். வேலைக்குக் கிளம்பும்போது ஜன்னலை மேலே மட்டும் சாய்த்துத் திறந்துவிட்டுப் போகிறார்கள், நாள் முழுக்க. சாத்த ஆள் இல்லை. காற்றும் ஒழுங்காக மாறாது, ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் சில்லிட்டு அங்கேதான் கருப்பு பிடிக்கும். ஹீட்டரை அணைத்து, ஜன்னலை முழுசாக விரியத் திறந்து 5 முதல் 10 நிமிடம், பிறகு சாத்திவிட்டுக் கிளம்புங்கள். மாலையில் வந்ததும் அதே மாதிரி இன்னொரு தடவை. ஈரப்பதமானி ஒன்று வாங்கி, 60 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

காய்ச்சல் வந்தால்? பாராசிட்டமால் இங்கே மருந்துக்கடையில் மட்டும்தான் கிடைக்கும், சூப்பர் மார்க்கெட்டில் தேடாதீர்கள். ஒரு அட்டையும் தெர்மாமீட்டரும் எப்போதும் வீட்டில் இருக்கட்டும். உடம்பு நன்றாக இருக்கும்போதே பக்கத்தில் ஒரு குடும்ப மருத்துவரிடம் ஒருமுறை போய்ப் பதிந்துவிடுங்கள். அங்கே ஏற்கெனவே போனவர்களுக்குத்தான் போனிலேயே 5 நாள் வரை மருத்துவ விடுப்புச் சான்று கிடைக்கும். அது 2023 டிசம்பரிலிருந்து நிரந்தர விதி. சட்டப்படி மூன்று நாளுக்கு மேல் படுத்தால்தான் சான்று, ஆனால் முதல் நாளே கேட்கிற கம்பெனிகளும் உண்டு, ஒப்பந்தத்தைப் படியுங்கள். ஆபீஸுக்கு வேலை தொடங்கும் முன்பே தகவல் போக வேண்டும். ராத்திரி நேரத்தில் மருத்துவர் தேவைப்பட்டால் 116117, உயிருக்கு ஆபத்து என்றால் 112.

அம்மாவுக்குப் போன் செய்வதை மாலைக்கு வைக்காதீர்கள். குளிர்காலத்தில் நான்கரை மணி வித்தியாசம். இங்கே ஆறரைக்கு வீடு திரும்பினால் அங்கே பதினொன்று. காலை ஏழரைக்குப் பேசினால் அங்கே மதியம் பன்னிரண்டு. ஆனால் அம்மா இருப்பது ஊரில். அதே நகரத்தில் தனியாக இருக்கும் இன்னொருவரோடு ஒரு ஒப்பந்தம் வேண்டும்: தினமும் காலை ஒரு மெசேஜ், பத்து மணி வரை வரவில்லை என்றால் போன், எடுக்கவில்லை என்றால் மாற்றுச் சாவியோடு நேரில்.

அவர் வந்து எந்த மணியை அழுத்துவார்? இங்கே அடுக்குமாடிக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எண் பெரும்பாலும் கிடையாது, அழைப்பு மணியில் குடும்பப் பெயர் மட்டும்தான். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக இருப்பது அப்பா பெயர். முத்துக்குமாரைத் தேடி வருபவர் மணிப்பலகையில் சுப்பிரமணியனைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். ஆம்புலன்ஸுக்கும் அதே கதைதான். எந்தப் பெயர், எந்த மாடி, இடமா வலமா என்று சாவி வைத்திருப்பவருக்கு இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.